பண்டிகைக்கு நாள் உண்டு. பொருளுக்கு நாள் இல்லை

ஆவணி மாதத்தில், மலையாள மக்கள் சிங்ஙம் என்று வழங்கும் அந்த மாதத்தில், அத்தம் நட்சத்திரம் வந்துவிட்டால் திருவனந்தபுரத்தின் முகமே மாறிவிடுகிறது. வீட்டு வாசல்களில் பூக்களம் தொடங்குகிறது. கிழக்கேகோட்டையிலும் அதை அடுத்துள்ள சாலை பஜாரிலும் கூட்டம் பெருகுகிறது. பத்தாம் நாளான திருவோணத்திற்கு முந்தைய உத்திராட நாளில், விடுபட்ட பொருள்களை வாங்கிவிட மக்கள் கடைதோறும் விரைவதற்கு ‘உத்திராடப் பாய்ச்சல்’ என்றே இங்குப் பெயர் வழங்குகிறது.

கோட்டைப் பகுதியை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பாய்ச்சல் ஒரு நாளோடு முடிவதில்லை. ஓணம் இவ்வூரின் பண்டிகை. அதை அண்டை வீட்டாரோடு சேர்ந்து கொண்டாடுகிறோம். அதன் பின் நவராத்திரி வருகிறது. கொலுவும் ஆயுத பூஜையும் வருகின்றன. தொடர்ந்து தீபாவளி. 2025ஆம் ஆண்டில் திருவோணம் செப்டம்பர் 5ஆம் நாளிலும், விஜயதசமி அக்டோபர் 2ஆம் நாளிலும், தீபாவளி அக்டோபர் 20ஆம் நாளிலும் அமைந்தன. ஒன்றரை மாதத்திற்குள் மூன்று பண்டிகைகள். மூன்றுக்கும் தனித்தனித் தள்ளுபடிகள், மூன்றுக்கும் தனித்தனி ‘கடைசி நாள்’ அறிவிப்புகள்.

இக்காலத்தில்தான் எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் பலர் ஒரே வகையான கேள்வியை எழுப்புகின்றனர்: “வட்டியே இல்லாமல் தவணையில் கொடுக்கிறார்கள், வாங்கலாமா?” அக்கேள்விக்குச் சற்று விரிவாக விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பண்டிகையைச் சுருக்கிக்கொள்ளுமாறு சொல்வது எங்கள் எண்ணமன்று. பண்டிகையின் அவசரத்தையும் பொருள் வாங்கும் முடிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நாங்கள் கூற விழைவது.

பழமொழி சொல்வதும் சொல்லாததும்

‘காணம் விற்றும் ஓணம் உண்ணணம்’ என்பது கேரளத்தில் அனைவரும் அறிந்த பழமொழி. கையிலுள்ள உடைமையை விற்றாயினும் ஓண விருந்து உண்ண வேண்டும் என்பது அதன் பொருள். பண்டிகைச் செலவுக்கு நியாயம் கற்பிக்க விரும்புவோர் இதனை எடுத்துக்காட்டுவதுண்டு.

ஆனால் அப்பழமொழியில் உள்ள இரண்டு வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘உண்ணணம்’. அது உண்ணச் சொல்கிறதே தவிர, வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. இலை போட்டு உறவினரோடு அமர்ந்து உண்பதற்கு நாள் தவறினால் அந்த ஆண்டின் ஓணம் போய்விடும். அதற்காகத்தான் அந்த அவசரம். இரண்டாவது, ‘விற்றும்’. விற்பவர் தம் கையில் இருந்ததைக் கொடுக்கிறார். கணக்கு அன்றோடு முடிகிறது. தவணையில் வாங்குபவரோ இனிமேல் ஈட்டப்போகும் ஊதியத்தைக் கொடுக்கிறார். கணக்கு அன்றுதான் தொடங்குகிறது.

ஓணக்கோடிக்கும், விருந்துக்கும், கொலுவின் சுண்டலுக்கும், தீபாவளிப் பட்சணத்திற்கும் நாள் உண்டு. அவற்றைத் தள்ளிப்போட இயலாது. 55 அங்குலத் தொலைக்காட்சிக்கோ புதிய கைப்பேசிக்கோ அத்தகைய நாள் ஏதும் இல்லை. திருவோணத்தன்று வாங்கிய தொலைக்காட்சி, ஐப்பசியில் வாங்கிய தொலைக்காட்சியைக் காட்டிலும் தெளிவாகப் படம் காட்டுவதில்லை. விளம்பரம் செய்வதெல்லாம், விருந்துக்கு உரிய அவசரத்தைப் பொருளின் மேல் ஏற்றிவைப்பதுதான்.

2025 செப்டம்பர் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை 2025ஆம் ஆண்டின் ஓணமே கணக்கோடு காட்டிச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திர தின உரையில், தீபாவளிக்குள் சரக்கு மற்றும் சேவை வரியில் சீர்திருத்தம் வரும் எனப் பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3ஆம் நாள், அதாவது திருவோணத்திற்கு இரு நாள்களுக்கு முன், ஜி.எஸ்.டி. மன்றம் தன் 56ஆவது கூட்டத்தில் முடிவெடுத்தது. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகள், ஏ.சி. இயந்திரங்கள், பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் ஆகியவற்றின் மீதான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புதிய விகிதம் நடைமுறைக்கு வந்த நாள் செப்டம்பர் 22. அன்றுதான் நவராத்திரியின் முதல் நாள்.

வரிக்கு முந்தைய விலை ரூ.30,000 உள்ள ஓர் ஏ.சி. இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 28 விழுக்காடு வரியோடு அதன் விலை ரூ.38,400. 18 விழுக்காடு வரியோடு ரூ.35,400. அடிப்படை விலை மாறாதிருந்தால், திருவோணத்திற்குப் பின் 17 நாள்கள் பொறுத்தவருக்கு ரூ.3,000 மிச்சம். அதே ஆண்டில் கேரள அரசு தன் ஊழியர்களுக்கு அறிவித்த ஓண போனஸ் ரூ.4,500, போனஸ் பெறத் தகுதியில்லாதவர்களுக்கான பண்டிகைப் படி ரூ.3,000. பண்டிகைப் படி முழுவதற்கும் ஈடான தொகை, 17 நாள் பொறுமைக்குக் கிடைத்திருக்கிறது.

வரிக் குறைப்பு ஆண்டுதோறும் வருவதன்று என்பது உண்மையே. எனினும் காத்திருப்பவருக்கு வேறு நன்மைகள் ஆண்டுதோறும் வாய்க்கின்றன. புதிய மாதிரி வெளிவரும்போது முந்தைய மாதிரியின் விலை இறங்குகிறது. ஓணத்தில் தவறவிட்டதாக எண்ணும் தள்ளுபடி நவராத்திரியிலும், அதில் தவறியது தீபாவளியிலும், அதன் பின் புத்தாண்டிலும் வேறு பெயரில் வருகிறது. அத்தனை ‘கடைசி நாள்’களும் அடுத்தடுத்து வருவதால், அவற்றுள் எதுவும் கடைசி நாள் அன்று என்பதே தெளிவாகிறது.

வட்டியில்லாத் தவணையின் கணக்கு

‘சுழிய விழுக்காடு வட்டி’ என்னும் அறிவிப்பைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளுக்கு முன்பே கருத்துத் தெரிவித்துள்ளது. 2013 செப்டம்பர் 17ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில், சுழிய வட்டி என்று ஒன்று இருக்க இயலாது எனவும், கடன் அட்டை நிலுவையின் மீதான அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்னும் போர்வையில் வாடிக்கையாளரிடமே வசூலிக்கப்படுகிறது எனவும் அது சுட்டிக்காட்டியது. அவற்றைத் தவிர்க்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

இன்று ‘கூடுதல் செலவில்லாத் தவணை’ என்ற பெயரில் வழங்கும் முறையில், வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார். கடன் கொடுப்பவர் மீதித் தொகைக்கு வழக்கம்போல் வட்டி வசூலிக்கிறார். ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும்.

ஒரு தொலைக்காட்சியின் விலை ரூ.48,000 என்றும், கடன் அட்டையின் வழியே 12 மாதத் தவணை, மாதம் ரூ.4,000 என்றும் கொள்வோம். கடன் கொடுப்பவரின் வட்டி ஆண்டுக்கு 16 விழுக்காடு. அப்படியானால் உண்மையில் கடனாக எழுதப்படும் தொகை ரூ.44,087. எஞ்சிய ரூ.3,913 வட்டி. வாடிக்கையாளர் கொடுக்கும் மொத்தம் ரூ.48,000 என்பதால் வட்டியே இல்லாததுபோல் தோன்றுகிறது.

ஆனால் கணக்கு அங்கு முடிவதில்லை. கடன் அட்டைத் தவணையின் வட்டிப் பகுதிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அது ரூ.704. செயலாக்கக் கட்டணம் ரூ.299 எனில், வரியோடு சேர்த்து ரூ.353. ஆகவே வாடிக்கையாளர் மொத்தமாகச் செலுத்துவது ரூ.49,057.

இனி, முழுத் தொகையையும் உடனே கொடுத்தால் கடைக்காரர் ரூ.2,000 குறைத்துக்கொள்ள முன்வருகிறார் என்று கொள்வோம். அப்போது பொருளின் உண்மையான ரொக்க விலை ரூ.46,000. தவணைக்காகக் கூடுதலாகக் கொடுப்பது ரூ.3,057. கடன் தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு 12 விழுக்காட்டிற்குக் குறையாத வட்டிக்குச் சமம். விளம்பரத்தில் இருந்த சுழியம், கணக்கில் பன்னிரண்டாகிவிடுகிறது.

எல்லாக் கடைகளிலும் இதே கணக்கு என்று நாங்கள் கூறவில்லை. ரொக்கத் தள்ளுபடியும் செயலாக்கக் கட்டணமும் இல்லாத திட்டங்களும் இருக்கலாம். அதனைக் கண்டறிய ஒரு கேள்வி போதும்: “இப்போதே முழுத் தொகையும் கொடுத்தால் என்ன விலை?” இதற்குக் கிடைக்கும் விடைக்கும், தவணையின் மொத்தத் தொகைக்கும் உள்ள வேறுபாடே உண்மையான வட்டி.

ஒரு தவணையேனும் தவறினால் நிலைமை வேறாகிவிடும். கடன் அட்டை நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி எனில், ஆண்டுக்கு அது 42 விழுக்காடு. பண்டிகைத் தள்ளுபடி முழுவதும் அதில் கரைந்துபோகும்.

மூன்று பண்டிகை, மூன்று தவணை

ஒவ்வொரு தவணையும் தனியாகப் பார்க்கும்போது சிறிதாகவே தெரியும். அதுவே அதன் கவர்ச்சி. ஓணத்திற்கு வாங்கிய தொலைக்காட்சிக்கு மாதம் ரூ.4,000, ஆயுத பூஜைக்கு வாங்கிய கைப்பேசிக்கு ரூ.2,500, தீபாவளிக்கு வாங்கிய சலவை இயந்திரத்திற்கு ரூ.2,000. மூன்றும் 12 மாதத் தவணைகள் என்றால், மாதம் ரூ.8,500. ஓராண்டில் ரூ.1,02,000. சில ஆயிரம் ரூபாய் போனஸ் கையில் வந்த மகிழ்ச்சியில் தொடங்கியது, ஒரு லட்சத்தைக் கடந்த பொறுப்பாக முடிகிறது.

மேலும், இவ்வாண்டு ஓணத்தில் தொடங்கும் 12 மாதத் தவணையின் கடைசிப் பணம் அடுத்த ஓணம் நெருங்கும்போதுதான் செலுத்தப்படும். அதற்குள் புதிய மாதிரிகள் வந்திருக்கும். புதிய தவணை தொடங்கும். இவ்வாறு சில குடும்பங்கள் தவணையே இல்லாத மாதம் ஒன்றைக் காணாமலே பல ஆண்டுகளைக் கழிக்கின்றன.

இதன் விளைவு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் வீட்டுக் கடன் விண்ணப்பம். ஒருவருக்கு எவ்வளவு வீட்டுக் கடன் அளிக்கலாம் என்று வங்கி கணக்கிடும்போது, அவர் ஏற்கெனவே செலுத்திவரும் தவணைகளை அவரது செலுத்தும் திறனிலிருந்து கழிக்கிறது. 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடனாக ஒரு லட்சம் ரூபாய் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.868. அப்படியானால், மாதம் ரூ.8,500 வேறு தவணைகளுக்குப் போகும் குடும்பத்திற்கு, அத்தவணைகள் நிலுவையில் உள்ளவரை, வீட்டுக் கடன் தகுதி சுமார் ரூ.9.8 லட்சம் குறைகிறது.

இது வெறும் எடுத்துக்காட்டுக் கணக்கன்று. வாடிக்கையாளர்கள் வாழ்வில் நேரும் நிலை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஏற்ற விலையில் ஒரு வீடு அமையும் வேளைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த குடும்பத்திற்கு, அவ்வேளை வரும்போது பத்து லட்சம் குறைவது பெரிய இழப்பு. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அடுத்த ஆண்டும் வாங்கலாம். அந்த வீடு அடுத்த ஆண்டு இருக்குமென்று சொல்வதற்கில்லை.

கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தரும் விவரங்களும் 2025 சனவரி 1 முதல் மாதத்திற்கு இருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. கடைகளில் வழங்கும் நுகர்பொருள் கடனும் தனிக் கணக்காக அங்குப் பதிவாகிறது. ரூ.2,000 தவணைதானே என்று தவறவிட்டால், அதன் தடம் 300 முதல் 900 வரையுள்ள கடன் மதிப்பெண்ணில் விரைவிலேயே தெரிந்துவிடும்.

ஒன்று மற்றொன்றை அழைக்கும்

18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோ, 1769ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், தமக்குக் கிடைத்த புதிய மேலங்கியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அங்கி அழகாக இருந்தது. அதன் முன் அறையின் பழைய நாற்காலியும் மேசையும் பொலிவிழந்து தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். இப்போக்கிற்கு 1988ஆம் ஆண்டில் கனடிய மானிடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் ‘திதெரோ விளைவு’ என்று பெயர் சூட்டினார்.

இவ்விளைவு நம் வீடுகளிலும் காணக்கூடியதே. பெரிய தொலைக்காட்சி வந்ததும் சுவரில் பொருத்தும் சட்டம் வேண்டும். பின் ஒலிபெருக்கி வேண்டும். அதிவேக இணைய இணைப்பு வேண்டும். மாதச் சந்தாக்கள் வேண்டும். புதிய கைப்பேசிக்கு உறை, கண்ணாடிப் பாதுகாப்பு, கைக்கடிகாரம், நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் என்று பட்டியல் நீள்கிறது. எனவே பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், முதல் ஓராண்டில் அது அழைத்து வரும் செலவுகளையும் சேர்த்து எழுதிப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் நம்மிடம் உண்டு. கொலுப்படியில் மதிப்புமிக்க இடம் பெறுவது எது? பாட்டி காலத்து மரப்பாச்சி. வண்ணம் மங்கியிருந்தாலும் அதை யாரும் மாற்றுவதில்லை. ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மை சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். அதற்காகப் பழைய படிகளைக் கலைப்பதில்லை. உள்ளதைப் பேணி, தேவைக்கு ஒன்று சேர்க்கும் அந்த ஒழுங்கு, வீட்டு உபயோகப் பொருள்களுக்கும் பொருந்தக்கூடியதே.

பழையது உண்மையில் பழுதா?

கைப்பேசியை மாற்றுவதற்குக் கூறப்படும் காரணங்களுள் முதன்மையானது, பழையது வேகம் குறைந்துவிட்டது என்பது. பெரும்பாலும் தேய்ந்திருப்பது மின்கலமே. புதிய கைப்பேசியின் விலையோடு ஒப்பிட்டால், மின்கலத்தை மாற்றும் செலவு சிறு பகுதிதான். பாதுகாப்பு மென்பொருள் கிடைக்காது என்னும் அச்சமும் இப்போது குறைந்துவருகிறது. 2023 அக்டோபரில் வெளிவந்த கூகுள் பிக்சல் 8, 2024 சனவரியில் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்24 போன்ற மாதிரிகளுக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பை அந்நிறுவனங்களே உறுதியளித்துள்ளன. ஏழு ஆண்டு உழைக்க வேண்டிய கருவியை இரண்டாம் ஆண்டில் மாற்றுவது, ஐந்து ஆண்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

பழுது பார்க்கும் உரிமையை வலியுறுத்தி, ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. பங்கேற்கும் நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களும் உதிரிப் பொருள் விவரங்களும் அதில் இடம்பெறுகின்றன. ‘பழையதைக் கொடுத்துப் புதியதைப் பெறுக’ என்னும் அழைப்பை ஏற்பதற்கு முன், பழையதைச் சீர்செய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொள்வது பயன் தரும்.

அதே வேளையில், மாற்றுவதே சிக்கனமாக அமையும் இடங்களும் உண்டு. 75 வாட் மின்சாரம் கொள்ளும் பழைய மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் கொள்ளும் புதிய வகை விசிறியைப் பொருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் பயன்படுத்தினால், ஓராண்டில் சுமார் 197 யூனிட் மிச்சமாகும். யூனிட் ரூ.6 எனில் ரூ.1,180க்கு மேல். விசிறியின் விலை ரூ.3,000 ஆனாலும் இரண்டரை ஆண்டில் அது திரும்பக் கிடைத்துவிடும்.

ஏ.சி. இயந்திரத்தின் கணக்கு வேறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, புதியதைவிட ஆண்டுக்கு 250 யூனிட் கூடுதலாகச் செலவழிக்கிறது என்று கொள்வோம். யூனிட் ரூ.7 எனில் ஆண்டுக்கு ரூ.1,750. அதைச் சேமிப்பதற்காக ரூ.40,000 கொடுத்துப் புதியது வாங்கினால், அத்தொகை திரும்ப ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் அந்தப் புதியதே பழையதாகிவிடும். நட்சத்திரக் குறியீட்டை மட்டும் கண்டு முடிவெடுக்காமல், நம் வீட்டு மின்கட்டணச் சீட்டை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதற்கு இவ்விரு எடுத்துக்காட்டுகளும் சான்று.

தவணையை முன்னால் கட்டுதல்

தேவை என்று உறுதியான பொருளை எவ்வாறு வாங்குவது? அதே மாதத் தவணையை, பொருள் வாங்கிய பின் கட்டாமல், வாங்குவதற்கு முன் கட்டினால் போதும். அதற்குத்தான் தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது.

முன்பு கூறிய தொலைக்காட்சியின் ரொக்க விலை ரூ.46,000. ஓணம் முடிந்த மாதத்திலிருந்து மாதம் ரூ.3,700 வீதம் 12 மாதம் தொடர் வைப்பில் செலுத்தினால், செலுத்திய தொகை ரூ.44,400. வட்டி 6.5 விழுக்காடு எனில் சுமார் ரூ.1,580 சேர்ந்து, அடுத்த ஓணத்திற்கு ரூ.46,000ஐ ஒட்டிய தொகை கையில் இருக்கும். தவணையில் வாங்கியவர் தம் பையிலிருந்து கொடுத்தது ரூ.49,057, சேமித்து வாங்கியவர் கொடுத்தது ஏறத்தாழ ரூ.44,400. வேறுபாடு ரூ.4,600க்கு மேல். அதே பொருள், அதே பன்னிரண்டு மாதங்கள். பணம் செலுத்தும் வரிசை மட்டுமே மாறியது.

இதில் பணத்தினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டு மாதங்களில் மனம் மாறினால், சேமித்தவர் வேறு செலவுக்கு அத்தொகையைப் பயன்படுத்தலாம். மருத்துவச் செலவு வந்தால் கணக்கை முடித்துக்கொள்ளலாம். தவணையில் வாங்கியவருக்கு அந்த வாய்ப்பில்லை.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

1. பண்டிகைக்கு முன்பே, நாள் தவறக்கூடாத செலவுகளைத் தனிப் பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள்: ஆடை, விருந்து, பூஜை, அன்பளிப்பு, பயணம். போனஸ் தொகை முதலில் இவற்றுக்கே உரியது. ஊழியர்கள் பெறும் ஓண முன்பணம் பின்னர் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்படும் தொகை; அதை வருவாயாகக் கருத வேண்டாம்.

2. வேறு பொருள்களுக்கு மற்றொரு பட்டியல் வையுங்கள். வாங்கத் தோன்றிய நாளையும் எழுதுங்கள். பண்டிகை கழிந்து ஒரு மாதம் ஆன பின்பும் தேவை என்று தோன்றுபவற்றை மட்டும் பரிசீலியுங்கள்.

3. ரொக்க விலையைக் கேளுங்கள். தவணையின் மொத்தத் தொகையோடு கட்டணம், வரி ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பிடுங்கள்.

4. கடன் பெற்றே ஆக வேண்டுமெனில், முக்கிய விவர அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். ரிசர்வ் வங்கியின் 2024 ஏப்ரல் 15ஆம் நாளிட்ட சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைத் தவணைக் கடன்கள் அனைத்திற்கும் இதனை அளிக்க வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாகக் காணப்படும். ஏழு நாளும் அதற்கு மேலும் தவணைக் காலம் உள்ள கடனுக்கு, அவ்வறிக்கையின் நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்களுக்குச் செல்லும். “இன்றே கையெழுத்திட வேண்டும்” என்று எவரேனும் வற்புறுத்தினால், இந்த மூன்று நாள்களை நினைவில் கொள்ளுங்கள்.

5. கடன் அட்டை நிலுவைகளுக்கு மேற்கூறிய அறிக்கை கட்டாயமில்லை. ஆகவே அட்டையின் வழியே தவணை ஏற்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

6. ஏற்கெனவே உள்ள தவணைகளின் மொத்தத்தையும், ஒவ்வொன்றும் முடியும் மாதத்தையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஒன்று முடியாமல் மற்றொன்றைத் தொடங்குவதில்லை என்று குடும்பத்தினர் கூடி முடிவெடுங்கள்.

கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட வங்கி, கடனைத் தவிர்க்கச் சொல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. வீட்டுக்கும், கல்விக்கும், தொழிலுக்கும் பெறும் கடன் பின்னால் பயன் தரும் உடைமையையோ வருவாயையோ உருவாக்குகிறது. நுகர்பொருளோ கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே மதிப்புக் குறைகிறது. அதற்கான கடன்கள் மிகுவதைக் கண்டு, ரிசர்வ் வங்கியும் 2023 நவம்பர் 16ஆம் நாள் நுகர்வோர் கடன்களின் இடர் மதிப்பை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியது. வீடு, கல்வி, வாகனம், தங்க நகைக் கடன்களுக்கு அவ்வுயர்வு பொருந்தவில்லை. மாதந்தோறும் மூன்று சிறு தவணைகளோடு திணறும் வாடிக்கையாளரைக் காட்டிலும், சேமிப்போடு வந்து இருபது ஆண்டு வீட்டுக் கடன் பெறும் வாடிக்கையாளரே வங்கிக்கும் நல்லவர், தமக்கும் நல்லவர்.

இப்பண்டிகைக் காலத்தில் ஏதேனும் தவணைத் திட்டம் தங்களுக்கு முன்வைக்கப்பட்டால், அதன் விவரத் தாளோடு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். ரொக்க விலை, மொத்தத் தவணை, ஆண்டு விகிதம் மூன்றையும் தங்களோடு அமர்ந்து கணக்கிட்டுத் தருகிறோம். கடன் வாங்குவதற்காகத்தான் வர வேண்டும் என்பதில்லை.